பன்னிரண்டு வைஸ்ராய்களும் ஒரு டோர் லாக்கும்

கிரான்டல் மோட்டார் கம்பெனியின் தலைவர் ஹார்லன் பிக்ஸ்பி அன்று காலை கோட்டில் ஒரு பெரிய பேட்ஜைக் குத்திக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். பேட்ஜில் ‘நானே வாடிக்கையாளர்’ என்று எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் வரிசையாக வந்து இறங்கிய பதினோரு துணைத் தலைவர்களின் கோட்டிலும் அதே பேட்ஜ். அக்டோபர் மாதத்தை வாடிக்கையாளர் மாதம் என்று கம்பெனி அறிவித்திருந்தது. வாடிக்கையாளர் என்று யாரையாவது வெளியிலிருந்து கூட்டிவந்தால் அவர் என்ன பேசுவாரோ என்று பயந்து, அந்தப் பொறுப்பையும் பெரியவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மெக்கானிக் காசிமிர் ருடெக் சாவிகளை வாங்கிக்கொண்டார். டெட்ராய்ட்டில் வுட்வர்ட் சாலையில் இருந்த அந்தத் தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கென்றே ஒரு கராஜ் உண்டு. காலையில் அவர்கள் காரை விட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போவார்கள். மாலையில் இறங்கி வரும்போது கார் கழுவி, துடைத்து, பெட்ரோல் நிரப்பி, நேற்றுத்தான் செய்து முடித்ததுபோல் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் கராஜின் விதியே. ஐயாவின் கண்ணில் படுவதற்கு முன்னால் சரிசெய்துவிட்டால் அது குறையே இல்லை. பத்தொன்பது வருடங்களாக ருடெக் அப்படித்தான் சரிசெய்து வந்தார். சுவரில் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருந்தது: ‘பத்தொன்பது வருடம், ஒரு குறையும் இல்லை.’ வெள்ளிக்கிழமைதோறும் அதை அவரே தேய்த்து மின்ன வைப்பார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பன்னிரண்டு பேரும் ஓட்டியது கம்பெனியின் புது மாடலான ‘வைஸ்ராய்’. அருமையான கார், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. ஓட்டுகிறவர் பக்கத்து டோர் லாக் எண்ணூறு மைல் ஓடினால் தேய்ந்துவிடும். தேய்ந்தபிறகு கொஞ்சம் வேகமாக வலது பக்கம் திரும்பினால் இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ருடெக் ஒவ்வொரு வெள்ளியும் பன்னிரண்டு லாக்கையும் கழற்றிப் புதிதாகப் பன்னிரண்டு மாட்டினார். ஒரு லாக்குக்கு நாலு நிமிடம். பழையவற்றைப் பின்பக்கம் பீப்பாயில் போட்டுத் தார்ப்பாயால் மூடிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சமும் உறுத்தலில்லை. சொல்லப்போனால் பெருமையாகத்தான் இருந்தது.

உறுத்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் வந்தது. பேசியது அவருடைய மகள் ஹலினா. கல்யாணமாகி எட்டு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம், ஏரிப் பாலம் தாண்டி மார்க்வெட்டில் இருந்தாள். ஆறு மாதக் கைக்குழந்தை. கணவன் ஏரிக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளை வைஸ்ராய் வாங்க வைத்ததே ருடெக்தான்.

“அப்பா, கதவு மறுபடியும் திறந்துடுச்சு. கடைக்கிட்ட திரும்புறப்போ. பெல்ட் போட்டிருந்தேன், இல்லேன்னா ரோட்டுல கிடந்திருப்பேன். பிள்ளை பின் சீட்டுல இருக்கான். நான் கீழ, வண்டி மட்டும் அவனைத் தூக்கிட்டுப் போயிருந்தா?”

“சரியா சாத்தியிருக்கமாட்டே. உன் அம்மாவும் அப்படித்தான், ஃப்ரிட்ஜ் கதவைக்கூட ஒழுங்கா சாத்தமாட்டா.”

“அஞ்சு தடவை டீலர்கிட்ட போயிட்டேன். எண்ணெய் விட்டு அனுப்புறான். ஒவ்வொரு திங்கக்கிழமையும் பத்து மணிக்கு இவன் தூங்குற நேரத்துல உங்க கம்பெனி புகார் நம்பருக்கும் போன் பண்றேன். ‘இந்த மாடல்ல வேற யாரும் இந்தக் குறையைச் சொன்னதே இல்ல மேடம், கதவைச் சரியா சாத்தினீங்களா?’ன்னு ஒரு அம்மா கேக்குது. நீங்களும் அதையே கேக்குறீங்க.”

“என்கிட்ட பன்னெண்டு வைஸ்ராய் இருக்கு. ஒண்ணுலயாவது...” என்று ஆரம்பித்தார். முந்தாநாள்தான் பன்னிரண்டு லாக்கையும் மாற்றியிருந்தார்.

“அந்தப் பன்னெண்டுல ஒண்ணை எனக்கு அனுப்புங்க,” என்றாள் ஹலினா. “அதுவரைக்கும் கதவை டிரெஸ்ஸிங் கவுன் பெல்ட்டால கட்டி ஓட்டுறேன்.”

அன்று ருடெக்கின் தட்டில் வைத்த கீல்பாசா சாசேஜ் அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் தேய்ந்த லாக் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏழாவது மாடிக்குப் போனார். வாடிக்கையாளர் துறையின் துணைத் தலைவர் டக்ளஸ் ஃபென்விக் நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். லாக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார்.

“கதவு திறக்குதுன்னு உங்க மக சொல்றாங்க. புரியுது. ஆனா வாடிக்கையாளர் அப்படிச் சொல்லலையே, ருடெக்.”

“சார், அவதானே வாடிக்கையாளர்?”

“அவங்க ஒருத்தர். இங்க பாருங்க.” ஃபென்விக் ஒரு கோப்பைத் திறந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டு பெரியவர்களும் நிரப்பிக் கொடுக்கும் படிவங்கள். ‘இந்த வாரம் காரில் ஏதாவது குறை உண்டா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லவே இல்லை’. “ரெண்டு வருஷமா பன்னெண்டு வாடிக்கையாளர். ஒரு குறைகூட இல்ல. எந்த நாட்டுக் கம்பெனியாவது இப்படிக் காட்டட்டும் பாப்போம்!”

“ஜனங்க கடிதம் எழுதறாங்கன்னு கேள்விப்பட்டேன், சார்.”

“எழுதறாங்க, மூட்டை மூட்டையா. ஆனா யோசிங்க. குறை இருக்கிறவங்கதான் கடிதம் எழுதறாங்க. அவங்களை மட்டும் கேட்டு ஒரு கார் எப்படின்னு முடிவு பண்ணினா நியாயமா?” ஃபென்விக் குரலைத் தாழ்த்தினார். “உங்க மக வண்டியை யாரு பாத்துக்கறாங்க? நல்ல ஆளா போடச் சொல்லுங்க. உங்களைப் போல.”

ருடெக் லிஃப்டில் இறங்கும்போது அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு ‘இல்லை’யும் அவர் கையால் செய்தது.

கராஜில் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் உட்காரும் ஒஸெல்லா டிப்ஸ் அவர் முகத்தைப் பார்த்ததுமே தன் கோனி டாக் சாசேஜ் பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னார்.

“ஏம்ப்பா ருடெக், காரு கெட்டுப்போனா தெரியணும்ல? நீ தெரியவிடமாட்டேங்கற. அந்தப் பன்னெண்டு பேருக்கும் நீ பல்லு தேச்சுவிடற, பல்லே வலிக்காதுன்னு அவங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்காங்க.”

“என் வேலை அது.”

“உன் வேலையா, உன் தகடா?”

வெள்ளிக்கிழமை வந்தது. ருடெக் தகட்டைத் தேய்த்தார். புது லாக்குகள் இருந்த பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மூடினார். அந்த நாற்பத்தெட்டு நிமிடமும் என்ன செய்வதென்று தெரியாமல் கராஜை இரண்டு தடவை கூட்டினார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, ஃபென்விக் டை இல்லாமல் வந்தார்.

கிரான்டல் கம்பெனியில் டை இல்லாமல் வருவதும் பேன்ட் இல்லாமல் வருவதும் ஒன்றுதான். ஒஸெல்லா புருவத்தைத் தூக்கினாள். ஃபென்விக்கின் டை, உள்ளேயிருந்து கதவுக் கைப்பிடியையும் சீட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. அவர் முன் சீட்டில் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கினார்.

“முதுகுக்கு நல்லதாம்,” என்றார். “டாக்டர் சொன்னார்.”

புதன்கிழமைக்குள் ஒன்பது பேரின் முதுகுக்கு டாக்டர் அதையே சொல்லிவிட்டார். பெரிய பெரிய உடம்புகள் சீட்டின்மேல் தவழ்ந்து, கியர் தண்டில் முழங்காலை இடித்துக்கொண்டு, வலது பக்கம் தலையை நீட்டி வெளியே வந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வியாழக்கிழமை முதல் எல்லோரும் இரண்டு டையாக எடுத்துவந்தார்கள்: கழுத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று.

சிலர் வலது பக்கமே திரும்புவதில்லை என்று முடிவு செய்தார்கள். டெட்ராய்ட்டில் அது நடக்கிற காரியமா? வுட்வர்டில் இடது பக்கம் போக வேண்டுமென்றால்கூட நேராகத் தாண்டிப் போய், நடுத்திட்டு இடைவெளியில் வளைந்து, திரும்பி வந்து, வலது பக்கம் ஒடிக்க வேண்டும். இந்த ஊரில் எல்லா வழியும் கடைசியில் வலது பக்கம்தான். நிதித் துறையின் துணைத் தலைவர் ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பியவர் நேராகவே போய், ஓஹையோ மாநில எல்லையிலிருந்து மனைவிக்குப் போன் செய்ததாகக் கேள்வி. அலுவலக வாசலில் நடக்கிற வேகத்தில் வலது பக்கம் ஊர்ந்து நுழையும் வைஸ்ராய்களுக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

இவ்வளவும் நடந்தபிறகு வெள்ளிக்கிழமைப் படிவங்கள் மேலே போகும் வழியில் ஒஸெல்லாவிடம் வந்தன. ருடெக் ஒஸெல்லாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ‘இல்லை.’ ‘இல்லை.’ ஃபென்விக் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘காற்றோட்டம் முன்பைவிட நன்றாக இருக்கிறது.’

“ஏன் ஒருத்தர்கூட எழுதல?” என்று கேட்டார் ருடெக்.

“மத்த பதினோரு பேர் காரும் நல்லா இருக்கு, நம்ம கார் மட்டும்தான் இப்படின்னு ஒவ்வொருத்தரும் நினைக்கிறாங்க. தன் காரை வெச்சுக்கத் தெரியாதவன்னு பேர் வாங்க யாருக்கு ஆசை?” ஒஸெல்லா காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். “உனக்கும் அதே வியாதிதானே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹலினா கத்தவில்லை. அதுதான் ருடெக்கை இன்னும் பயமுறுத்தியது. மார்க்வெட்டில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்றாள். அடுத்த வியாழன் குழந்தைக்குத் தடுப்பூசி, மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழியில் நாலு வலது திருப்பம் இருக்கிறது என்றாள். தப்புத் தன்மேல்தான் இருக்குமோ என்று இப்போது அவளுக்கே தோன்றுகிறதாம். “எல்லாரும் சொல்றீங்க. எனக்குத்தான் கதவு சாத்தத் தெரியலையோ என்னவோ.”

‘உன் தப்பில்லை’ என்று சொல்ல அவருக்கு ஒரு விநாடி போதும். சொன்னால், தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். “பாத்துப் போம்மா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வாடிக்கையாளர் மாதத்தின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை ஊர்வலம். பன்னிரண்டு வைஸ்ராய்களையும் பெரியவர்களே ஓட்டிக்கொண்டு வாசலிலிருந்து வுட்வர்டில் வலது பக்கம் திரும்பிக் கட்டடத்தைச் சுற்றி வருவதாக ஏற்பாடு. வாசலின் இரு பக்கமும் பூசணிக்காய்களைக் குவித்து அலங்காரம் செய்திருந்தார்கள். பள்ளிக்கூட பேண்டு, தொழிலாளர்கள், பத்திரிகை போட்டோக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். போட்டோவில் விழுமே என்று பன்னிரண்டு பேரும் கதவில் கட்டியிருந்த டையை அவிழ்த்துவிட்டார்கள்.

ருடெக் நேரே பிக்ஸ்பியின் காரிடம் போனார். சட்டைப்பையில் ஒரு புது லாக் இருந்தது. விளையாட்டுக்காகக்கூட ஒரு மனிதன் விழுவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

“சார், உங்க கதவு...”

“என் கதவுக்கு என்ன?” பிக்ஸ்பியின் இடது கை கதவை இறுகப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

“திறந்துக்கும், சார். மெதுவாப் போங்க. இல்லேன்னா நாலு நிமிஷம் குடுங்க.”

“இருபத்தேழு வருஷமா கிரான்டல் கார் ஓட்டறேன். என் கார்ல ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்ல. வழி விடு.”

பேண்டு முழங்கியது. தலைவர் வேகமாகத்தான் கிளம்பினார். மெதுவாகப் போனால் பயந்ததாக ஆகிவிடுமே! திருப்பத்தில் போட்டோக்காரர்களுக்குக் கையசைக்க இடது கையை எடுத்தார். கதவு அகலமாகத் திறந்தது. கிரான்டல் மோட்டார் கம்பெனியின் தலைவர் உட்கார்ந்த வாக்கிலேயே வெளியே வந்து, பூசணிக்குவியலில் இறங்கினார். ஆளில்லாத வைஸ்ராய் சாவகாசமாகப் போய்க் கொடிக்கம்பத்தில் முட்டி நின்றது. அடுத்து வந்த ஃபென்விக், தலைவரைப் பார்த்த அதிர்ச்சியில் வளைத்தார். அவர் கதவும் திறந்தது. அதற்கடுத்த கதவும். பன்னிரண்டு கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பேண்டு மாஸ்டர் இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து இன்னும் பலமாக வாசிக்கச் சொன்னார்.

நல்லவேளை, உடைந்தவை பூசணிக்காய்கள் மட்டும்தான். பிக்ஸ்பி எழுந்து உட்கார்ந்தார். தலையில் பூசணி விதை, கோட்டில் ‘நானே வாடிக்கையாளர்’. எல்லாத் துணைத் தலைவர்களும் ஒருவர் கதவை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை ருடெக் கவனித்தார்.

“ருடெக்!” என்றார் தலைவர். “இதைச் சரி பண்ணு.”

ருடெக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பத்தொன்பது வருடப் பழக்கம். லாக் விரலில் தட்டுப்பட்டது. சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹலினாவின் டிரெஸ்ஸிங் கவுன் பெல்ட் நினைவுக்கு வந்தது. கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

“கதவைச் சரியா சாத்தினீங்களா, சார்?”

பிக்ஸ்பி தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார்.

“என்ன சொன்னே?”

“இந்த மாடல்ல வேற யாரும் இந்தக் குறையைச் சொன்னதே இல்ல, சார். டீலர்கிட்ட போய்ப் பாருங்க. எண்ணெய் விட்டுத் தருவாங்க. புகார் நம்பரும் இருக்கு.”

பிக்ஸ்பிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. காவலாளியின் கூண்டுக்குள் போய் அந்த நம்பரைச் சுழற்றினார். ஒன்பது நிமிடம் இசை கேட்டார். பிறகு ஒரு பெண்குரல் ருடெக் சொன்ன முதல் இரண்டு வாக்கியத்தையும் எழுத்து மாறாமல் சொன்னது. “நான் கம்பெனியோட தலைவர் பேசறேன்!” என்று அவர் கத்தினார். “கோபத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்,” என்று குரல் ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

தலைவர் ரிசீவரை வைத்தார். திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“எவ்வளவு நாளா இது உனக்குத் தெரியும்?”

“வண்டி வந்த முதல் மாசத்துலேர்ந்து, சார். வெள்ளிக்கிழமைதோறும் மாத்திட்டிருந்தேன்.”

“ஏன் சொல்லல?”

கேட்கக்கூடாது என்று விதி இருந்தது, நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் ருடெக் வேறு உண்மையைச் சொன்னார். “சுவத்துல ஒரு தகடு இருக்கு, சார். அதைக் கழட்ட மனசு வரல. அதுக்காக என் மகளையே பொய் சொல்றவளாக்கிட்டேன்.”

பிக்ஸ்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கோட்டிலிருந்த பேட்ஜைப் பார்த்தார். கழற்றப் போனவர், என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

அன்றே உத்தரவு பறந்தது. டோர் லாக்கை மாற்றி வடிவமைக்க வேண்டும், விற்ற வைஸ்ராய் எல்லாவற்றுக்கும் கம்பெனியே ஆளனுப்பி மாட்டித்தர வேண்டும். பெரியவர்களின் கராஜ் மூடப்பட்டது. இனி அவர்களும் டீலரிடம் போய் வரிசையில் உட்கார வேண்டும். ருடெக்குக்கும் தண்டனை உண்டு. அவரைப் புகார் போன் அறைக்கு மாற்றினார்கள். அது பாய்லருக்குப் பின்னால் இருந்தது. வெக்கையில் நாலு பெண்கள், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அட்டை. அட்டையில் இரண்டே வாக்கியம்.

கையிலிருந்த புது லாக்கைச் செவ்வாய் மாலையே ருடெக் விமானத் தபாலில் மார்க்வெட்டுக்கு அனுப்பினார். மாட்டும் முறையைப் படம் போட்டு உள்ளே வைத்தார். வியாழக்கிழமை குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று என்று ஹலினா ஒரு வரி தந்தி கொடுத்தாள். அதில் வேறொன்றும் இல்லை. பார்சலோடு ஒரு கடிதமும் எழுத அவர் உட்கார்ந்தார்தான். மூன்று தாளைக் கிழித்துப் போட்டார்.

திங்கட்கிழமை போன் அறையில் முதல் நாள். அந்த லாக்கும் எண்ணூறு மைல்தான் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாது; ஆனாலும் தப்பு யார்மேல் என்று இன்னும் யாரும் அவளிடம் சொல்லாததால், பழக்கம்போல் இன்றைக்கும் கூப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியும். கழற்றிய தகட்டை மேஜைமேல் கவிழ்த்து அதன்மேல் காபிக் கோப்பையை வைத்திருந்தார். பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அட்டையையும் கவிழ்த்தார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. மற்ற நாலு பேரையும் முந்திக்கொண்டு ருடெக் எடுத்தார்.

“வணக்கம், என் பேர் ஹலினா. வைஸ்ராய் கார். இதுக்கு முன்னாடி நிறைய தடவை...”

“உங்க தப்பு இல்லம்மா,” என்றார் ருடெக். “நீங்க சரியாத்தான் சாத்துனீங்க. லாக்குதான் மோசம். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்.”

மறுமுனையில் தூங்குகிற குழந்தையின் மூச்சு மட்டும் லேசாகக் கேட்டது.

“அப்பா,” என்றாள் ஹலினா, “இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவர் மறுபடியும் சொன்னார்.